ஆள் பார்த்து அறுந்த கம்பி

நடந்தவை, வரிசையாக:

1. புளி மண்டி முதலாளி ஒருவர், தான் பேசிக்கொண்டிருக்கும்போதே டெலிபோன் ஆபரேட்டர் ஆரோக்கியமேரி இணைப்பைப் பிடுங்கிவிடுகிறார் என்று புகார் கொடுத்தார்.
2. பிடுங்கியது உண்மைதான், ஆனால் தப்பு தன் ஹெட்போன் மேல் என்றார் ஆரோக்கியமேரி.
3. டெக்னீஷியனாகிய நான் அந்த ஹெட்போனைச் சோதித்து, அதில் ஒரு குறையும் இல்லை என்றேன்.
4. இருந்தது.
5. இருந்தது என்று எனக்குத் தெரிந்த அன்றே, அதை உடனே சரிசெய்யச் சொல்லி உத்தரவு வந்தது.
6. நான் சரிசெய்யவில்லை.
7. சேலத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். காப்பி குடித்தார். காதைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் போனார்.

இனி விவரம்.

வழக்கமாக, ஓய்வு பெற்றவர்கள்தான் புதிதாக வந்தவர்களை உட்காரவைத்து அனுபவம் பேசுவார்கள். எனக்கு இன்னும் ஒரு நரை கூட விழவில்லை. ஆனால் அடுத்த மாதம் நான் பயிற்சி நிலையத்துக்கு மாற்றலாகிப் போகிறேன். இனி பழுது பார்ப்பது என் வேலை அல்ல. பழுது பார்ப்பது எப்படி என்று பேசுவதுதான் வேலை. ஆகவே என்னைப் பழுது பார்ப்பதிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் வைப்பது எப்படி, மீட்டரை எங்கே தொடுவது என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்கப் போவதில்லை. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், அங்கே இப்போதும் ஓரிருவருக்கு என் மேல் மனத்தாங்கல் உண்டு. எனக்கு வீடு அதியமான்கோட்டையில். அங்கிருந்து தருமபுரி வந்து, கடத்தூர் பஸ்ஸைப் பிடித்தால் வழியில் இறங்கிக்கொள்ளலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த ஊர் எக்ஸ்சேஞ்சில் டயல் கிடையாது. வீட்டில் இருக்கும் போனின் கைப்பிடியைச் சுற்றினால், எங்கள் போர்டில் அந்த எண்ணுக்கு உரிய சின்ன ஷட்டர் டப்பென்று கீழே விழும். ஆபரேட்டர் அங்கே ஒரு பிளக்கைச் சொருகி, “நம்பர் ப்ளீஸ்” என்பார். கேட்ட எண்ணில் இன்னொரு பிளக்கைச் சொருகி இருவரையும் இணைப்பார். பேசி முடித்தவர்கள் மறுபடி கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றி, முடிந்தது என்று தெரிவிக்க வேண்டும். யாரும் சுற்ற மாட்டார்கள். போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்கள். எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிட்டாரா, இல்லை யோசித்துக்கொண்டிருக்கிறாரா என்று காட்ட விளக்கு ஒன்றும் கிடையாது. காதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு விதி இருந்தது. ஆபரேட்டர் இரண்டு முறை “பேசறீங்களா?” என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். இந்த விதியை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து ஹெட்போன். ஒவ்வோர் ஆபரேட்டருக்கும் தனி ஹெட்போன். ஒருவர் தலை எண்ணெய் இன்னொருவருக்கு ஆகாது. காதில் ஒரு வட்டம், மார்பில் தொங்கும் ஒரு மைக், இரண்டிலிருந்தும் போர்டுக்குப் போகும் வயர். அந்த வயருக்குள் இருப்பது சாதாரணச் செம்புக் கம்பி அல்ல. நூலின் மேல் மெல்லிய செம்புத் தகட்டைச் சரிகை போலச் சுற்றியிருப்பார்கள். நாள் முழுக்க வளைந்து கொடுக்க வேண்டுமே, அதற்காக. இதில் ஒரு தொல்லை உண்டு. சரிகை அறுந்தாலும் நூல் அறாது. வெளியே பார்த்தால் வயர் முழுசாக இருக்கும். அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வரை வேலையும் செய்யும். சண்டை போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கும் புருஷன் பெண்டாட்டியைப் போல. நம்மைப் போன்ற வெளியாள் வந்து எட்டிப் பார்த்தால் மட்டும் அவ்வளவு ஒற்றுமையாக இருப்பார்கள்.

ஆரோக்கியமேரி அக்கா என்னைவிடச் சில வயது மூத்தவர். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. உத்தரவு எந்த வாரமும் வரலாம் என்ற நிலை. அதை நம்பித் தன் அம்மாவையும் கூட்டிவந்து, மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு வீடு பிடித்துக் குடிவந்திருந்தார். ஊரில் யாருக்கு என்ன எண் என்று அவருக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். “டாக்டர் வூட்டுக்குப் போடும்மா” என்றால், “அவுரு இப்ப வூட்ல இருக்க மாட்டாருங்க, கிளினிக்குல போடறேன்” என்பார். அப்படிப்பட்டவர் மேல்தான் புகார்.

புகார் கொடுத்தவரின் போன் எண் பதினேழு. ஆபரேட்டர்கள் அவரைப் பெயர் சொல்வதே இல்லை. பதினேழு என்றுதான் சொல்வார்கள். பெங்களூருக்குப் புளி அனுப்பும் மண்டிக்காரர். போனில் தூரத்துக்குத் தக்கபடி சத்தம் வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. தருமபுரிக்கு ஒரு சத்தம், சேலத்துக்கு அதைவிடப் பெரிது, பெங்களூருக்கு அதையும்விடப் பெரிது. அவர் சென்னைக்குப் பேசும்போது போனே தேவையில்லை என்று கடைத்தெருவில் சொல்வார்கள். பெங்களூர் வேண்டும் என்று எங்களிடம் கேட்கும்போதே பெங்களூர்ச் சத்தத்தில்தான் கேட்பார்.

அவருடைய புகாரில் இன்னொன்றும் இருந்தது. இணைப்பைப் பிடுங்குவதோடு நிற்காமல், பிடுங்கும் முன் அந்தப் பெண் தன்னைக் கிண்டலும் செய்கிறாள் என்று.

எக்ஸ்சேஞ்சின் பொறுப்பில் இருந்த ஜூனியர் இன்ஜினியர், எங்களுக்கு ஜே.இ. சார், நல்லவர். மேலதிகாரியிடமிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார், அவ்வளவுதான். புகாரின் நகல் சேலத்து மேலதிகாரிக்கும் போயிருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. அக்காவையும் என்னையும் கூப்பிட்டார்.

“நான் பிடுங்கறது நெசந்தானுங்க சார்,” என்றார் அக்கா. “ஆனா அவுரு வெச்சுட்டாருன்னு நெனச்சுத்தான் பிடுங்கறேன். காதுல ஒண்ணுமே கேக்கறதில்லீங்க.”

“அந்தாளு பேசறது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது. உனக்கு மட்டும் கேக்கலையா?”

“ஹெட்போன் செத்துப்போவுதுங்க.”

“மத்தவங்க பேசும்போது?”

“நல்லா இருக்குதுங்க.”

“அப்ப ஹெட்போனுக்கு ஆள் தெரியுமா? பதினேழுன்னா மட்டும் வேலை செய்ய மாட்டேன்னு அடம் பிடிக்குதா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெட்போனை வாங்கிக்கொண்டு என் மேசைக்குப் போனேன். வயரை வளைத்தேன், முறுக்கினேன், மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் அசையாமல் நின்றது. திரும்பி வந்து, “நல்லா இருக்குதுங்க சார்” என்றேன். ஜே.இ. சார் அக்காவைப் பார்த்த பார்வையில் விசாரணையே முடிந்துவிட்டது போல இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: “ஏம் பாப்பா, உன் மீட்டரு அந்தாளு கத்தறதக் கேட்டுச்சா?”

“இல்லீங்கக்கா.”

“கேட்டுட்டு வந்து சொல்லச் சொல்லு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். வெற்றிலை பாக்கு வாங்கிவரச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மறுநாள் காலை, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். லைன்மேன்கள் வைத்திருக்கும் டெஸ்ட் போன் ஒன்றை எடுத்துப் பதினேழாம் லைனோடு மாட்டிக்கொண்டேன். அக்காவுக்கு வருவது எனக்கும் கேட்கும்.

பதினேழாம் ஷட்டர் விழுந்தது. அக்கா பிளக்கைச் சொருகி “நம்பர் ப்ளீஸ்” என்றார்.

“ஏம்மா! பெங்களூரு கேட்டு எவ்ளோ நேரமாச்சு! லாரி நிக்குது இங்க! ஆளு நிக்கறான்! நீங்கெல்லாம் ஒக்காந்து என்னத்தப் பண்றீங்க!”

நான் டெஸ்ட் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அதே நேரத்தில் அக்காவின் இடது கையும் மேலே போயிற்று. கொதிக்கும் சோற்றுப் பானையின் மூடியைத் தூக்குவது போல, காது வட்டத்தை வெடுக்கென்று தூக்கினார். பிறகு மெதுவாகத் திரும்ப வைத்தார்.

வைத்தவர் முகம் மாறியது. “பேசறீங்களா?” என்றார்.

என் டெஸ்ட் போனில் மண்டிக்காரர் நிறுத்தவே இல்லை. “பேசறீங்களாவா? இவ்ளோ நேரமா பின்ன பாடிட்டா இருக்கறேன்!”

“பேசறீங்களா?” என்றார் அக்கா இரண்டாம் முறை. சிறு கிண்டல் கூட இல்லாத, விதிப்படியான குரல்.

“நக்கலு பண்றியா நீ! ஏய்…”

அக்கா பிளக்கைப் பிடுங்கினார். “வெச்சுட்டாரு பாத்தியா,” என்றார் என்னிடம்.

அடுத்த ஷட்டர் விழுந்தது. அக்கா அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். வயர் அசைந்தது. பேசியது பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், மெல்லிய குரல்காரர். அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் அக்காவுக்குக் கேட்டது.

நான் சிரித்ததில் ஸ்டூலிலிருந்து விழாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். ஹெட்போனுக்கு ஆள் தெரிந்துதான் இருந்தது. சரிகை அறுந்திருந்த இடம், வயர் காது வட்டத்துக்குள் நுழையும் முனை. மெதுவாக வளைத்தால் அறுந்த முனைகள் பிரியாது. அதனால்தான் என் மேசையில் அவ்வளவு ஒற்றுமையாக இருந்தன. யாராவது காதில் கத்தினால் கை தானாக எழுந்து வட்டத்தை வெடுக்கென்று தூக்கும். அப்போது மட்டும் பிரியும், அடுத்த ஷட்டருக்குத் தலை திரும்பும்போது மறுபடி சேர்ந்துகொள்ளும். அந்த ஊரில் அப்படிக் கத்துகிறவர் ஒருவர்தான். அவர் தன் பேச்சைத் தானே அறுத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். வயர் எங்கே அறும் என்று புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நான் பார்த்தவரை அது ஆளுக்கு ஆள் வேறு. பக்கத்து சீட்டோடு கதை பேசத் திரும்பித் திரும்பி உட்காருகிறவருக்குப் பிளக் முனையில் அறும். பேசும்போது வயரை விரலில் சுற்றிக்கொள்கிறவருக்கு நடுவில் அறும். மதியத்தில் கண் செருகித் தலை சாய்கிறவருக்கு மைக் பக்கம் அறும். அறுந்த இடத்தைப் பார்த்தே அது யாருடைய ஹெட்போன் என்று என்னால் சொல்ல முடிந்தது. சொன்னால் சண்டை வரும் என்பதால் சொல்லவில்லை. ஆகவே வயரை மட்டும் பார்க்காதீர்கள். அதை மாட்டிக்கொண்டிருக்கும் தலை என்ன செய்கிறது என்றும் ஒரு மணி நேரம் பாருங்கள்.

கதைக்கு வருகிறேன். ஓடிப்போய் ஜே.இ. சாரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. நான் எதிர்பார்த்த காரணத்துக்காக அல்ல.

“குறை இருக்குதா? அப்ப உடனே மாத்து. நாளைக்குச் சேலத்து சார் விசாரணைக்கு வர்றாரு. ஒடஞ்ச சாமானக் குடுத்து வேலை வாங்கறோம்னு எழுதிட்டுப் போயிருவாரு.”

“மாத்திட்டா மேரி அக்கா சொன்னதுக்குச் சாட்சி என்னங்க சார்?”

“நீ இருக்கியே. குறை இருந்துச்சுன்னு சொல்லு.”

“நேத்து நல்லா இருக்குதுன்னு சொன்னதும் நான்தானுங்களே. எந்த நாள் பேச்சை அவர் நம்புவாரு?”

“அறுந்த வயரை வெட்டி எடுத்து வெச்சுக் காட்டு.”

“வெட்டின பின்னாடி எல்லா வயரும் அறுந்த வயர்தானுங்க சார்.”

அவர் யோசித்தார். தானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு என்னைப் பேசச் சொன்னார். பேசினேன், நன்றாகக் கேட்டது. கத்தினேன், என் கத்தலுக்கு அவர் புருவம் கூட உயரவில்லை. வேறு வழியில்லாமல் காது வட்டத்தை நானே வெடுக்கென்று இழுத்துக் காட்டினேன். செத்தது.

“நீ இப்படிப் பிடிச்சு இழுத்தா எதும்மா அறாது? மாத்து போ.”

“சரிங்க சார், மாத்திடறேன்” என்றேன். எப்போது என்று சொல்லவில்லை.

அன்று பகல் முழுவதும் நான் செய்தவை: சால்டரிங் அயர்னைச் சூடாக்கப் போட்டேன். வோல்டேஜ் குறைவாக இருந்ததால் அது சூடாகவில்லை. பிறகு மின்சாரம் போயிற்று. அன்றைக்கு அதைவிடப் பெரிய உதவியை யாரும் எனக்குச் செய்திருக்க முடியாது. மின்சாரம் திரும்பியபோது புது வயரை எடுத்து, அதன் நீளம் சரியா என்று வெகு நேரம் சந்தேகப்பட்டேன். நடுவில் வேறொரு லைன் பழுதென்று கேள்விப்பட்டு, என் பொறுப்பில்லாத அந்த வேலைக்கு நானாகவே போனேன். ஜே.இ. சார் அவ்வப்போது எட்டிப் பார்த்து, “ஆச்சா?” என்பார். “ஆய்ட்டே இருக்குதுங்க சார்.” மாலையில் அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஹெட்போன் அறுந்தபடியே அக்காவின் கொக்கியில் போய்த் தொங்கியது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“ஏம் பாப்பா, நாளைக்கு அந்தச் சேலத்து சார் முன்னால இது நல்லா வேலை செஞ்சுட்டா?”

“செய்யாதுங்கக்கா.”

“இது செய்யும். என்னை மாட்டிவிடறதுக்குன்னே நல்லா வேலை செய்யும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. வூட்டைக் காலி பண்ணணும்னு எங்க ஆத்தாகிட்ட இன்னிக்கே சொல்லிடட்டுமா, வேண்டாமா?”

“வேண்டாம்” என்றேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. ஒரு பெண்ணின் வேலையை நான் அறுந்த சரிகையில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அதிகாரி முன்னால் முனைகள் பிரிந்தால் அக்கா பிழைப்பார். பிரியாவிட்டால், மாற்றச் சொன்ன வயரை மாற்றாதவள் என்று நானும், பொய் சொன்னவர் என்று அவரும் சேர்ந்து போவோம்.

சேலத்து சார் காலையிலேயே வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு. எதையும் தானே செய்து பார்த்தால்தான் நம்புவார் என்று தெரிந்தது. அது எனக்குப் பிடித்தது. அக்காவின் நாற்காலியில் தானே உட்கார்ந்து அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஜே.இ. சார் நான் வயரை மாற்றிவிட்டேன் என்ற நம்பிக்கையில் நிம்மதியாக நின்றார். அக்கா சுவரோரமாக நின்றார். நான் டெஸ்ட் போனைப் பதினேழாம் லைனில் மாட்டிக் கையில் வைத்திருந்தேன்.

முதலில் உள்ளறை போனிலிருந்து ஜே.இ. சார் பேசினார். கேட்டது. அதிகாரி வயரை ஆட்டிப் பார்த்தார். கேட்டது. தலையை இடமும் வலமும் திருப்பினார். கேட்டது. எனக்கு அந்தப் புருஷன் பெண்டாட்டியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

“பதினேழைக் கூப்பிடும்மா. அவரே பேசட்டும்,” என்றார் அதிகாரி.

அக்கா போர்டுக்கு வந்து மணி அடித்துவிட்டு விலகி நின்றார். மண்டிக்காரர் எடுத்தார். சேலத்திலிருந்து அதிகாரி பேசுகிறார் என்று தெரிந்ததும் அவர் குரல் தேனில் ஊறிவிட்டது. “வணக்கமுங்கோ சார். சௌக்கியங்களா? நம்ம ஊருக்கு வந்திருக்கறீங்க, சந்தோசமுங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மண்டிக்கே கூட்டியாந்திருப்பமுங்க.”

அதிகாரி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். “ரொம்ப மரியாதையாப் பேசறாரே. இவரா கத்தறாரு?”

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆத்தாவிடம் என்ன சொல்வது என்று கேட்ட அதே முகம்.

அந்த ஒரு நிமிடத்தில் என் முன்னால் இருந்த வழிகள்: உண்மையைச் சொல்லி விளக்குவது, ஜே.இ. சாரிடம் விளக்கி என்ன ஆயிற்று என்று பார்த்தாகிவிட்டது. வயரை நானே இழுத்துக் காட்டுவது, அதையும் பார்த்தாகிவிட்டது. மூன்றாவதாக ஒன்று தோன்றியது. அதைச் சொல்லும்போது முகத்தை எவ்வளவு அப்பாவியாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு அப்பாவியாக வைத்துக்கொண்டேன்.

“சார், அவரு எப்பவும் பெங்களூரு ட்ரங்க் கால் கேக்கும்போதுதானுங்க புகார். இப்ப பேசறது உள்ளூர்ப் பேச்சு. பெங்களூருக்குப் பேசற மாதிரியே பேசச் சொல்லிப் பாத்தா சோதனை சரியா இருக்குங்களா?”

அவர் முறைப்படி செய்கிறவர். தலையாட்டினார். மைக்கில் சொன்னார்: “ஏங்க, பெங்களூருக்கு எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசிக் காட்டுங்க. கொஞ்சம் சத்தமா.”

அந்த மனிதரிடம் சத்தமாகப் பேசச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். நான் டெஸ்ட் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிவைத்தேன். கன்னடமும் தமிழுமாக வந்து விழுந்தது.

“ஏனு சாமி! லாரி பந்தா! பேக ஹேளி! லாரி வந்துச்சா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல!”

அதிகாரியின் கை பறந்தது. காது வட்டம் வெடுக்கென்று மேலே போயிற்று. கண்ணை இறுக்கி மூடித் திறந்து, வட்டத்தை மெல்லத் திரும்ப வைத்தார்.

“ஹலோ?” என்றார்.

என் டெஸ்ட் போனில் பெங்களூர் லாரி ஓடிக்கொண்டே இருந்தது.

“ஹலோ… பேசறீங்களா?”

“பேசறீங்களாவா! நீங்க சொல்லித்தானுங்களே பேசறேன்!”

“பேசறீங்களா?” இரண்டாம் முறை. விதிப்படி. பிறகு எங்களைப் பார்த்து, “வெச்சுட்டார் போல” என்று சொல்லிவிட்டுப் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினார்.

ஜே.இ. சார் என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த நொடியில்தான் புரிந்தது, நான் வயரை மாற்றவில்லை என்று.

பதினேழாம் ஷட்டர் டப்பென்று விழுந்தது.

“சார், பதினேழு,” என்றார் அக்கா அடக்கமாக.

அதிகாரி ஷட்டரைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். வயர் அசைந்தது, முனைகள் சேர்ந்துகொண்டன. பிளக்கைச் சொருகினார்.

“எவன்டா அவன் பிடுங்குனது! அந்தப் பொண்ணு மாதிரியே இவனும்…”

அவர் கை மறுபடி எழுந்தது. இந்த முறை பாதி வழியில் நின்றது. அவர் அந்தரத்தில் நின்ற தன் கையைப் பார்த்தார். பிறகு வயர் நுழையும் முனையை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். மண்டிக்காரர் தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தார்.

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியுங்க சார்.”

“ஏன் வயரை மாத்தல?”

“மாத்தியிருந்தா உங்க காது நல்லா இருந்திருக்குமுங்க சார். அக்காவுக்கு வேலை போயிருக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தார். காதைத் தேய்த்தார். “காப்பி கிடைக்குமா?” என்று கேட்டார். காப்பி வரும் வரை அக்காவிடம் அவர் ஊர், குடும்பம், எவ்வளவு காலமாக வேலை என்று விசாரித்தார். போகும்போது ஜே.இ. சாரிடம், “தப்பு வயர் மேல. அந்தப் பொண்ணு விதிப்படிதான் நடந்திருக்கு. நானும் அதேதான் பண்ணேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துல செய்யாததுக்கு உனக்கு ஒரு மெமோ வரும்” என்றார். சொன்னபடியே வந்தது. அவர் வாக்குத் தவறாதவர்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, எந்தச் சாமானையும் “நல்லா இருக்கு” என்று சொல்லாதீர்கள். “நான் பார்த்தபோது நல்லா இருந்தது” என்று சொல்லுங்கள். கூடுதலாக இருக்கும் அந்தச் சில சொற்களில் ஒருவருடைய வேலை இருக்கலாம். இரண்டு, பழுதைச் சரிசெய்யும் முன், அது யாருக்காவது சாட்சியா என்று பாருங்கள். சாட்சி என்றால், சம்பந்தப்பட்டவர் தன் கண்ணால் பார்க்கும் வரை ஈயத்தைத் தொடாதீர்கள். வேலையை இழுத்தடித்த என் வழிகளை மட்டும் பின்பற்ற வேண்டாம். மின்சாரம் உங்களுக்காக எல்லா நாளும் போகாது.

சேலத்து சாரின் கார் கிளம்பிய கையோடு நான் அயர்னைச் சூடாக்கினேன். அன்று வோல்டேஜ் அருமையாக இருந்தது. புது வயர் போட்டு, வெடுக்கென்று தூக்கினாலும் பிரியாதபடி முனையில் நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அக்கா மாட்டிப் பார்த்தார். தூக்கினார், வைத்தார், மறுபடி தூக்கினார்.

“இனிமே அறாதா பாப்பா?”

“அறாதுங்கக்கா.”

“அந்தாளு எவ்ளோ கத்துனாலும்?”

“எவ்ளோ கத்துனாலும்.”

அக்கா பெருமூச்சு விட்டார். “வேலைதான் தப்பிச்சிருச்சில்ல. கொஞ்சம் சுமாராப் பண்ணியிருக்கக் கூடாதா நீ?”

இன்றைய நிலை: ஆரோக்கியமேரி அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அம்மாவோடு அதே வீட்டில் இருக்கிறார். மெமோ என் ஃபைலில் இருக்கிறது. பதினேழாம் நம்பர் இன்றும் கத்துகிறார். இணைப்பு அறுவதில்லை, அக்கா அதை முழுவதும் கேட்க வேண்டியிருக்கிறது.